கழுதைப் பாட்டு போன வீடு

தங்கம் தீர்ந்துபோன எங்கள் தங்கவயலில், சுரங்கவாய்க்குக் கம்பிவலை அடித்துப் பூட்டி இருபது வருஷத்துக்கு மேலாகி, வேலைக்குப் போகிற வயசுள்ள ஆணும் பெண்ணும் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய் இருட்டிய பின் திரும்பி, வாரத்தில் ஆறு நாள் நாய்களும் கிழவர்களும் மட்டுமே தெருவை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அவரவர் வீட்டில் போட்ட பாட்டு அவரவர் வீட்டில் கேட்காமல் வேறொருவர் வீட்டில் கேட்க ஆரம்பித்தது.

ஏன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பூமிக்கடியில் மைல் மைலாகக் குடைந்து வைத்திருக்கிறோமே, சத்தம் அதற்குள் இறங்கி வழி தவறி வேறு வீட்டில் ஏறுகிறது என்று ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் காகிதத்தில் படம் போட்டே காட்டினார். படம் நன்றாக இருந்தது, அதை மடித்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனோம். எங்களுக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது. என் பாட்டு யார் வீட்டுக்குப் போச்சு?

நாலு மணி என்பது எங்களுக்குப் பழைய வழக்கம். கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டியவை, இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு’ என்பார்கள். ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரப் போர்மேன்கள் கட்டில் பீரோவோடு சேர்த்து விற்றுவிட்டுப் போன ரிக்கார்டுகளில் எங்கள் ஆட்களுக்குப் பைத்தியம் பிடித்து, இவன் வீட்டு டிரம்ஸ் அவன் வீட்டுக் குழந்தையை எழுப்ப, அவன் வீட்டு கிட்டார் இவன் நைட் ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்க, தினம் ஒரு மண்டை உடைந்துகொண்டிருந்ததால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, வீட்டுக்கு ஒரே ஒரு பாட்டு, எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டால் யாருக்கும் யார் மேலும் கோபம் இருக்காது என்பது அதன் நியாயம். பாட்டு முடிந்ததும் எல்லாரும், டெரன்ஸின் அப்பா நடத்திய பேக்கரிக்குப் போய், அங்கே தொங்கிய கரும்பலகையில் இன்று என் வீட்டில் இது ஓடியது, இன்ன காரணத்துக்காகப் பிடிக்கும் என்று சாக்பீஸால் எழுதிவிட்டு, ஒரு பன் வாங்கிக்கொண்டு திரும்புவோம். அப்பாவுக்குப் பிறகு டெரன்ஸ் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு ‘இப்ப என்ன ஓடுது’ என்று ஒரு வாட்ஸாப் குரூப் ஆரம்பித்தான். தண்ணி லாரி எந்த லைனுக்கு வருகிறது என்பதையும் அவன் அதிலேயே போட்டுத் தொலைத்ததால், பாட்டே பிடிக்காதவர்களும் குடத்துக்காக அதில் இருந்தார்கள்.

எங்களுக்குப் பிடித்ததெல்லாம் ராக், அப்புறம் ராக்குக்குப் பாட்டன் முப்பாட்டனான பழைய நாட்டுப்புறப் பாட்டுகள். பாஞ்சோ, பிடில், மவுத் ஆர்கன் வைத்து சுரங்கக்காரனும் ரயில்காரனும் பருத்தி எடுக்கிறவனும் பாடியவை. வார்த்தை பாதி புரியாது. ஆனால் பூமிக்குள் போய் வந்த ஆளுக்கு இருமலுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு குரல் இருக்கும், அந்தக் குரலை நாங்கள் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவோம். நான் ராக் கட்சி. ஆட்டோ ஓட்டுகிறேன், பெயர் புகழேந்தி, என் வீட்டு கிட்டார் சத்தத்துக்கு ஓடு பெயரும் என்று ஊரில் பேர்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் குதிக்காத ரிக்கார்டு கிடையாது. சுரங்கம் ஓடிய நாளில் திடீரென்று அடியாழத்தில் பாறை வெடித்து ஊரே ஒரு தரம் தூக்கிப் போட்ட மாதிரி ஆடும், ஏர் பிளாஸ்ட் என்போம். அந்த நேரத்தில் யார் வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்ததோ, அந்தத் தட்டின் மேல் ஊசி எகிறி, தட்டைக் கீறி, நாலு வரி தள்ளிப் போய் விழும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்தப் பாட்டு அந்த இடத்தில் குதிக்கும். அதனால் ஒரே பாட்டு பத்து வீட்டில் இருந்தாலும் எங்கே குதிக்கிறது என்பதைக் கேட்டு, இது டெரன்ஸ் வீட்டு ரிக்கார்டு, இது பிட்டர் வேலை பார்த்த ஆரோனுடையது என்று சொல்லிவிடுவோம். குதிக்காமல் முழுசாகக் கேட்டால் எங்களுக்கு என்னவோ பாட்டில் தப்பு இருக்கிற மாதிரி தோன்றும்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை டெரன்ஸ் வீட்டில் என் கிட்டார் இடித்தது. என் வீட்டில் யாரோ ஒரு பெண் பிடில் வைத்துக்கொண்டு அழுதாள். ரேஷன் கடைக்காரர் வீட்டில் மவுத் ஆர்கன் வந்தது, அவர் அதை எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்தார். மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் போட்ட தாலாட்டு பாஸ்டர் வீட்டுக்குப் போய், பாஸ்டர் வீட்டு ஞானப்பாட்டு கோயிலில் கேட்டு, பூசாரியும் பாஸ்டரும் ரொம்ப நாள் கழித்து ரோட்டில் நின்று பேசிக்கொண்டார்கள். பாட்டு வீட்டுச் சுவருக்குள் மட்டும்தான் கேட்கும், வாசற்படி தாண்டினால் கேட்காது. போட்டவர் வீட்டில் தட்டு அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு மாதத்தில் ஊர் இதைப் பழகிக்கொண்டது. நாலு மணிக்குப் பாட்டு வருகிறது என்று வீட்டைப் பெருக்கி வைத்தார்கள், கொடியில் கிடக்கிற உள்பாவாடையை எடுத்தார்கள், சில வீடுகளில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்தார்கள். மொபைலில் போடுகிற பாட்டும் போகத்தான் போனது, ஆனால் அது எங்கேயும் குதிக்காததால் யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஊரே பரணில் ஏறிப் பழைய ரிக்கார்டுகளை இறக்கியது, பிளேயர் ஊசி விற்கிறவன் பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோக ஆரம்பித்தான். பாட்டு வந்த வீட்டுக்காரர் குரூப்பில் ‘வந்துச்சு’ என்று எழுதி, எங்கே குதித்தது என்றும் எழுத வேண்டும் என்பது சட்டமானது. ‘புகழ் பாட்டு வந்துச்சு. ரெண்டாவது கத்தல்ல குதிச்சுது. தயவுசெஞ்சி அடுத்த வாரம் மெதுவான பாட்டு போடு தம்பி, மாமியாருக்குப் பிரஷர்’ என்று வரும். ‘வந்துச்சு’ என்று எழுதிவிட்டால் அடுத்த வாரம் அந்தப் பாட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும், எழுதாவிட்டால் அதே வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். ரேஷன் கடைக்காரர் டெங்குவில் படுத்து மூன்று வாரம் எழுதாமல் விட்டபோது இதைக் கண்டுபிடித்தோம். டெரன்ஸின் ஒரே பாட்டை மூன்று வாரம் கேட்டுத்தான் காய்ச்சல் இறங்கவில்லை என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

எல்லார் பாட்டும் எங்கேயோ போனது, எங்கேயோ சேர்ந்தது, சேர்ந்த சேதி வந்தது. நத்தானியேல் அண்ணன் பாட்டுக்கு மட்டும் சேதி வரவில்லை.

நத்தானியேல் அண்ணன் சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்துகிற வேலை பார்த்தவர். அறுபத்தேழு வயசு, நெஞ்சு முழுக்கத் தூசி, பத்தடி நடந்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். மனைவி ரெபேக்கா அக்கா போய் ஏழு வருஷம் ஆகிறது. மகன் பெங்களூரில் பதினாலாவது மாடியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டுச் சாப்பிட்டியாப்பா என்று கேட்பான். அண்ணன் பேச்சைக் கேட்டுக்கொள்கிறவர், பேச்சு கொடுக்கிறவர் இல்லை. அவர் வாய் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினது அந்தப் பாட்டைப் பற்றி மட்டும்தான்.

பாஞ்சோ வைத்து ஒரு கிழவன் பாடுகிற பாட்டு அது. ஒரு ஆள் தன் கோவேறு கழுதையை விற்கச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போகிறான். வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டே போகிறான், மழை பொய்த்ததை, பெண்டாட்டி கோபித்ததை, எல்லாவற்றையும் அதுதான் கேட்கிறது. சந்தை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே ரிக்கார்டு குதிக்கும். குதித்து விழுந்தால் அவன் கயிற்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருப்பான். நடுவில் விற்றானா, யார் வாங்கினார்கள், கழுதை திரும்பிப் பார்த்ததா, ஒன்றும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. பெங்களூரில் குதிக்காத தட்டு கிடைக்கும், வாங்கித் தரட்டுமா என்று ஒருதரம் கேட்டேன். “வேணாம் புகழ். அவன் வித்தத நான் பாக்க வேணாம்” என்றார்.

அந்தப் பாட்டைத்தான் அவர் அந்த முதல் ஞாயிறு போட்டார். அவர் வீட்டில் வேறு யாருடையதோ வந்தது, ஒழுங்காக ‘வந்துச்சு’ எழுதினார். தன்னுடையதற்குக் காத்திருந்தார். அன்றைக்கு வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை, மழைக்காலம் வந்து போய், கிறிஸ்துமஸ் வந்து போய், மறுபடி ஈஸ்டரும் வந்து போனது. எங்கள் வாய் சும்மா இருக்குமா? “இன்னாண்ணா, கழுதை எங்க மேயுது?” என்று பேக்கரி வாசலில் கேட்போம். “சந்தைக்கே போய் வித்துட்டீங்களா?” என்பான் டெரன்ஸ். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு பன்னை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வாரம், சோதித்துப் பார்க்கலாம் என்று வேறொரு ரிக்கார்டைப் போட்டார். அது பதினைந்தே நிமிஷத்தில் ஒரு டெய்லர் வீட்டிலிருந்து ‘வந்துச்சு’ என்று வந்தது. அதுதான் அவரை ரொம்ப அடித்துவிட்டது. அப்படியானால் குறை பிளேயரில் இல்லை, வீட்டில் இல்லை, அவருக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டைத்தான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு அதைக் கேட்கவும் வழியில்லாமல் போனதை நாங்கள் யோசிக்கவே இல்லை. நாலு மணிக்குப் போட்டால் வெளியே போய்விடும், மற்ற நேரத்தில் போடுவது ஒப்பந்தத்துக்கு விரோதம், சுரங்கமே மூடிப் பக்கத்து வீடுகள் பாதி காலியான பிறகும் அந்த மனுஷன் ஒப்பந்தத்தை மீறவில்லை. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் சுற்றுகிற தட்டைப் பார்த்து, ஊசி அந்தக் கீறலுக்கு வந்து எகிறி விழுவதைப் பார்த்து, இப்போது கயிற்றோடு வருகிறான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தட்டு நின்றதும் போனை எடுத்துப் பார்ப்பார். எங்களில் யாராவது ஒருத்தன் ஒரு ஞாயிறாவது அவரோடு போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. எங்களுக்கு எங்கள் பாட்டு எங்கே போனது என்று பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

கடைசியில் வெட்கம் வந்து தேடினோம். வாரம் ஒரு லைனாக எடுத்துக்கொண்டு, நாலு மணிக்கு வாசலுக்கு ஒருவராக நின்று, தலையை உள்ளே நீட்டிக் கேட்டோம். பூட்டிக் கிடந்த வீடுகளில் ஜன்னல் வழியாகக் காது வைத்தோம். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கூரை விழுந்த ஆபீசர் பங்களா, ஒன்றும் விடவில்லை. பாட்டு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது என்று யாரோ கிளப்பிவிட, ஒரு ஞாயிறு அவர் வீட்டில் நான் ஊசியை வைக்க, அவர் இரண்டு மணிக்கே கிளம்பி நின்று நின்று நடந்து, சுரங்கவாய்க் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நாலே கால் வரை கேட்டுவிட்டு வந்தார். “காத்துதான் வருது” என்றார். எப்சிபா அக்கா வீட்டு வாசலில் நின்றதும் நான்தான். அண்ணன் வீட்டு லைனிலேயே பதினோரு வீடு தள்ளி இருக்கிறவர், தனியாள், பிளேயரும் கிடையாது ரேடியோவும் கிடையாது, பழைய துணி தைத்துக் கொடுப்பார், குரூப்பில் தண்ணி லாரிக்காக மட்டும் இருந்தவர். நான் தலையை நீட்டியபோது தையல் மிஷினை அந்த ஓட்டு ஓட்டிக்கொண்டிருந்தார், ஊசி துணியைத் தைக்கிறதா கிழிக்கிறதா என்று தெரியவில்லை. “இங்க ஏதும் வந்துச்சாக்கா?” என்று கத்தினேன். மிதிப்பதை நிறுத்தாமலே தலையை ஆட்டினார். இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பாட்டுப் பைத்தியம் உள்ளவர்கள் வீட்டிலெல்லாம் இரண்டு தரம் கேட்ட நாங்கள், பாட்டே கேட்காத ஒரு வீட்டில் ஒரு தரம் கேட்டது போதும் என்று நினைத்தோம்.

இரண்டாவது வருஷம் முடிந்த வாரம் அண்ணன் குரூப்பில் எழுதினார். ‘அடுத்த ஞாயிறு கடைசி. திங்கள் மகன் வந்து கூட்டிக்கினு போறான். பிளேயரைப் புகழ் எடுத்துக்கட்டும். எல்லாருக்கும் நன்றி.’ அவ்வளவுதான். அந்தப் பதினாலாவது மாடியில் அவர் நாலு நாள் இருந்து பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்தால் மூச்சு கீழே விழுந்துவிடும் போல் இருக்கிறது என்று ஒருதரம் ஓடி வந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் யாரும் போகாதே என்று எழுதவில்லை, கும்பிடுகிற கை படங்களாகப் போட்டோம். எனக்கு பிளேயர் கிடைக்கிற சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த ஞாயிறு மூன்றரை மணிக்கு எப்சிபா அக்கா அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். இதை அண்ணன் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார், சொன்னபடி சொல்கிறேன்.

“அண்ணா, உங்க பாட்டு என் வூட்டுக்குத்தான் வருது.”

அண்ணன் எதையோ துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “எப்பத்துலருந்து?”

“மொதல் நாள்லருந்து.”

அவருக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டால் இருமல் வரும், இருமினார், இருமி முடிகிற வரைக்கும் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“ரெண்டு வருசம்மா. பைத்தியக்காரன் மாரி அந்தச் சுரங்கத்து வாசல்ல போய் நின்னுகினு இருந்தேன். ஊரே சிரிச்சுது. ஒரு வார்த்த, வந்துச்சுன்னு ஒரு வார்த்த எழுதிருக்கக் கூடாதா நீ?”

“எழுதினா அடுத்த வாரம் வேற வூட்டுக்குப் போய்டும்ல.”

“போனா போவுது! உனுக்கு இன்னா அந்தப் பாட்டுல?”

அக்கா உள்ளே வந்து, கேட்காமலே, பிளேயர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அந்தத் தட்டு குதிக்குதே, எப்பண்ணா குதிச்சுது?”

யாராவது கேட்டால் எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் பெருமையாகச் சொல்கிற விஷயம் அது. அவரும் யோசிக்காமல் சொன்னார். “தொண்ணூத்தி நாலு, ஆகஸ்ட்டு, ஞாயித்துக்கெழம. தட்டு வாங்கினு வந்து ரெண்டே நாள். நாலு மணிக்குப் போட்டேன், பாதிப் பாட்டுல…” என்று வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

எப்சிபா அக்காவின் வீட்டுக்காரர் சிங்கராயர் பம்ப் ஆள். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவு, ஆனால் தண்ணீருக்கு லீவு கிடையாது, அடியாழத்தில் ஊறிக்கொண்டே இருக்கும், அதை இறைக்க ஞாயிறும் இரண்டு பேர் இறங்கியாக வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிறு நாலு மணிக்குக்கூட அவர் மேலே இருந்ததில்லை. அந்த ஆகஸ்ட் ஞாயிறு பாறை வெடித்தபோதும் கீழேதான் இருந்தார். மூன்றாம் நாள் அவரை எடுத்தார்கள். எடுக்கப் போனவர்களில் நத்தானியேல் அண்ணனும் ஒருவர், மரம் நிறுத்தி வழி பண்ணிக் கொடுத்தவரே அவர்தான். அப்படி இருந்தும் அந்த வெடிப்பையும் இந்தக் கீறலையும் அவர் ஒருநாளும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை. நாங்கள் யாருமே பார்த்ததில்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொரு ரிக்கார்டும் எங்கே குதிக்கும் என்று மனப்பாடமாகச் சொல்லுவோம், அந்த நிமிஷம் கீழே யார் இருந்தார்கள் என்று கேட்டால் தெரியாது.

“எனுக்குக் கழுதையும் தெரியாது, பாட்டும் தெரியாது, அவன் இன்னா பாஷ பேசுறான்னே தெரியாது” என்றார் அக்கா. “ஆனா பாட்டு ஆரம்பிக்குதுல்ல, அப்ப அவரு உசுரோட கீறாரு. கீழ பம்ப்பாண்ட நின்னுகினு கீறாரு. பீடி பத்த வெக்கக் கூடாதுன்னு சட்டம், வெறும் பீடிய வாயில வெச்சிகினு நிப்பாராம். அந்த ஆளு பாடிகினே வரான், பாடிகினே வரான், அது வரிக்கும் அவருக்கு ஒண்ணும் ஆவல. அப்பறம் குதிச்சிரும். குதிச்ச பிறகு நான் கேக்க மாட்டேன், காதப் பொத்திக்குவேன். அந்த ஒண்ணே முக்கா நிமிசம்தாண்ணா. வாரத்துக்கு ஒண்ணே முக்கா நிமிசம். அத எப்படி நான் எழுதி அனுப்பிச்சிருவேன்?”

அண்ணன் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

“புகழு வந்து நின்ன அன்னிக்கி மிசினப் போட்டு மிதிச்சேன். அன்னிக்கி எனுக்கும் கேக்கல. நீங்க வேற பாட்டு போட்டீங்களே ஒரு வாரம், அன்னிக்கி எவனோ கிட்டார அடிச்சான், வெளிய வந்து ரோட்டுல நின்னுட்டேன். தப்புதாண்ணா. உங்களுக்குப் பண்ணது தப்பு. இன்னிக்கி மட்டும் ஒரு தரம் கேட்டுக்கறேன். கேட்டுட்டு எழுதிர்றேன், ஊருக்கே தெரியட்டும். அடுத்த வாரம் வேற யார் வூட்டுக்காவது போவட்டும். நீங்க போவாதீங்கண்ணா, போய்ட்டா அது யாருக்குமே இல்லாம பூடும்ல.”

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு அக்கா போனார். நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நத்தானியேல் அண்ணன் பெங்களூர் போகவில்லை. மகன் வந்தான், கோபித்துக்கொண்டான், காலியாக வந்த காரில் காலியாகவே திரும்பினான். அடுத்த வாரம் கழுதைப் பாட்டு டெரன்ஸ் வீட்டுக்கு வந்தது, அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வீட்டுக்கு, அதற்கும் அடுத்து பூசாரி வீட்டுக்கு. ஒரு ஞாயிறு என் வீட்டுக்கும் வந்தது, குதிக்கிற இடம் வந்தபோது நான் எழுந்து நின்றேன், ஏன் நின்றேன் என்று வீட்டில் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊரில் நாலாயிரம் வீடு. எப்சிபா அக்கா வீட்டுக்கு அது இன்றைக்கு வரைக்கும் திரும்பி வரவில்லை. பிளேயரை அண்ணன் எனக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு நாலு மணிக்கு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டைத் துணியால் துடைத்து, ஊசியை வைத்தார். தட்டு சத்தமில்லாமல் சுற்றியது. அவர் வீட்டில் யார் பாட்டோ வந்துகொண்டிருந்தது, அது யாருடையது என்று அவர் கவனிக்கவில்லை. முகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கீறல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய கீறல், வெள்ளை முடி விழுந்து கிடக்கிற மாதிரி இருக்கும். ஊசி சுற்றிச் சுற்றி உள்ளே வந்தது. அந்த ஆள் மழையைச் சொல்லி முடித்திருப்பான், பெண்டாட்டியைச் சொல்லி முடித்திருப்பான், சந்தை கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்திருப்பான். கீறலுக்கு ஒரு சுற்று இருக்கும்போது அண்ணன் இரண்டு விரலால் ஊசியைத் தூக்கினார்.

தூக்கி, கொண்டுபோய், மறுபடி முதலில் வைத்தார்.

வீட்டுக்கு ஒரே பாட்டு, ஒரே தரம் என்ற ஒப்பந்தத்தை அவர் ஆயுசில் மீறினது அன்றைக்குத்தான். மறுபடி வந்தது, மறுபடி தூக்கினார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, பதினோரு வீடு தள்ளி என்ன கேட்கிறது என்று போய்ப் பார்க்கவும் முடியாது, எழுந்தால் ஊசி குதித்துவிடும். கை அசந்ததும் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார். இருமல் வந்தபோது வாயைத் தோளில் பொத்திக்கொண்டு இருமினார், விரலை எடுக்கவில்லை. மகன் போன் அடித்து அடித்து நின்றது. மற்ற வீடுகளில் பாட்டு முடிந்து, ‘வந்துச்சு’ எல்லாம் வந்து முடிந்து, பேக்கரியில் பன் தீர்ந்து, ரோட்டில் விளையாடிய பிள்ளைகளை அம்மாக்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற நேரம் வரைக்கும், அந்த ஆள் கழுதையோடு பேசிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தான், சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனை தரம் தூக்கி வைத்தார் என்று நான் கேட்டேன். எண்ணவில்லை என்றார். தனியாக இருக்கிற மாதிரி அன்றைக்குத் தோன்றவில்லை என்று மட்டும் சொன்னார்.

ஜன்னலில் வெளிச்சம் போய், கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான், இனி பிடிக்க முடியாது என்று ஊசியைத் தூக்கித் தாங்கியில் வைத்துவிட்டுப் பிளேயரை அணைத்தார்.

ஆறு நாற்பதுக்கு என் ஆட்டோ டேஷ்போர்டில் போன் மின்னியது. குரூப்பில், தண்ணி லாரிக்காக மட்டும் இருந்த எப்சிபா அக்கா, முதல் தடவையாக எழுதியிருந்தார்.

‘நத்தானியேல் அண்ணா பாட்டு வந்துச்சு. எங்கயும் குதிக்கல.’